பேரீச்சம்பழத்துக்குப் போகாத இரும்பு

மலருக்குக் கட்டுரை கேட்டுக் கடிதம் வந்தபோது, சங்கத்தின் சார்பில் கல்லூரிக்கு இந்த ஆண்டு என்ன செய்வது என்ற பேச்சும் நடந்து கொண்டிருந்தது. முகப்பில் அலங்கார வளைவு என்கிறார்கள் பலர். என் ஓட்டு வேறு. பட்டறைக்குப் பின்னால் குவிந்து கிடக்கிற பழைய சைக்கிள்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சீட் இல்லாதது, ஹேண்டில்பார் திரும்பிக்கொண்டது, ரிம் எட்டாக வளைந்தது... யாருடையவை என்று யாருக்கும் தெரியாது. படிப்பு முடிந்து ஊருக்குப் போனவர்கள் விட்டுப்போனவைதாம் பெரும்பாலும். அவற்றையும் பட்டறைக் கழிவு இரும்பையும் வைத்து ஒரு பெரிய சிற்பம் செய்வோம், அந்தச் சிற்பமே சைக்கிள் ஸ்டாண்டாக இருக்கட்டும் என்றேன். “ஏம்ப்பா, விளையாடுறியா?” என்று கேட்டார் ஒரு சீனியர். உலகத்தில் யாரும் செய்யாததையா சொல்கிறேன்? அந்த அண்ணனுக்குப் பதிலாகத்தான் இந்த வரலாறு.

இரும்பைத் தூக்கி எறிவது நம் பக்கத்து வழக்கமே அல்ல. ‘பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்’ என்ற குரல் கேட்டு ஓட்டை வாளியையும் உடைந்த தாழ்ப்பாளையும் தூக்கிக்கொண்டு ஓடிய பிள்ளைகள் ஊருக்கு ஊர் உண்டு. வண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டை தேய்ந்தால் கொல்லர் உலைக்குப் போய்க் கொழுவாகவோ களைக்கொத்தாகவோ திரும்பி வரும். லாரியின் பட்டை அரிவாளாகும். இரும்புத் தாது கிடக்கிற மண் இது. சேலத்துக் கஞ்சமலையைப் பாடத்தில் படித்திருக்கிறோம். 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் சேலம் பகுதித் தாதுவை நம்பித்தான் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தினார். ஆலை நிலைக்கவில்லை. ஆனால் வார்ப்பு எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-ல் காப்புரிமை வாங்கியவர் அவர்தான். மெட்டலர்ஜி தாளில் இரண்டு மதிப்பெண்ணுக்கு வரக்கூடிய பெயர்!

இரும்புச் சிற்பமும் நமக்குப் புதிதல்ல. தர்மபுரி, சேலம் வட்டாரத்து முனியப்பன் கோயில்களுக்குப் போனவர்கள் கண்டிருப்பார்கள். நேர்த்திக்கடனாக நட்ட சூலங்களும் ஆளுயர அரிவாள்களும் வெட்டவெளியில் வரிசையாக நிற்கும். மழையும் வெயிலும் பட்டுக் கறுத்துப்போய் நிற்கிற அந்தக் கூட்டத்துக்கு முன்னால் எந்த நகரத்துச் சிற்பத் தோட்டமும் எனக்குச் சாதாரணமாகத்தான் தெரிகிறது. என்ன, அந்தச் சூலத்தில் யாரும் சைக்கிளைச் சாய்த்து வைக்க மாட்டார்கள். பயம்!

இனி சைக்கிள். நம்மில் பலர் பொம்மிடியில் ரயில் இறங்கி வந்தவர்கள். 1862-ல் சென்னையிலிருந்து பேப்பூர் வரை முடிந்த பழைய மதராஸ் ரயில்வேயின் தடத்தில், ஜோலார்பேட்டைக்கும் சேலத்துக்கும் நடுவில், சேர்வராயன் மலையைப் பார்த்தபடி இருக்கிற ஸ்டேஷன். சுற்றுக் கிராமங்களுக்கும் ரயிலுக்கும் நடுவே இருந்த தூரத்தைக் கடந்தது சைக்கிள்தான். காலையில் ஸ்டாண்டில் விட்டு டோக்கன் வாங்கினால் ராத்திரி ரயிலில் வந்து எடுக்கலாம். பால் கேன், வாழைத்தார், மரவள்ளிக் கிழங்கு மூட்டை, அதற்கு மேல் ஒரு பையன் என்று எல்லாம் ஒரே கேரியரில் வந்த காலம் உண்டு.

1949-ல் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்ற பெயர்கள் வீட்டுப் பெயர்களாயின. மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடை இல்லாத சந்தைத் தெரு இல்லை. சைக்கிளுக்கு லைசென்ஸ் வில்லை இருந்ததும், ‘டபுள்ஸ்’ போனால் போலீஸ்காரர் டியூபில் காற்றைப் பிடுங்கி விட்டதும் அப்பாக்கள் சொல்லிக் கேட்ட கதை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக் கொடுத்தது. அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் சைக்கிளைப் பெண் விடுதலையின் கருவியாகவே பார்த்தார். அரசு 2001-02-ல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அரசு மற்றும் உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவ மாணவியர் எல்லோருக்கும் அது வந்தது. என் தலைமுறை அந்தச் சைக்கிளில் ஏறிய தலைமுறை. கல்லூரியின் பட்டறைக்குப் பின்னால் கிடப்பவற்றில் அந்தச் சைக்கிள்களே நிறைய. இரண்டு வருடம் பள்ளிக்கு, நாலு வருடம் இங்கே, அப்புறம் துரு.

இதற்கிடையே கல்லூரியின் பழைய சைக்கிள் கொட்டகை இரு சக்கர மோட்டார் வாகனங்களுக்குப் போய்விட்டது. இன்றும் பக்கத்து ஊர்களிலிருந்து மிதித்து வருகிற பிள்ளைகள் வேப்பமரத்தில் சாய்த்துவிட்டுப் போகிறார்கள். மாலையில் வந்தால் பத்து வண்டி ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடக்கும். புல்லட்டுக்கு இடம் இருக்கிற கல்லூரியில் சைக்கிளுக்கு இடம் இல்லை என்றால், சைக்கிளில் வருகிறவனுக்கு அது என்ன சொல்லும்? வளைவு கட்டலாம் என்கிற நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

உலகக் கதைக்கு வருவோம். சைக்கிளைச் சிற்பமாக்கியவர்கள் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறார்கள். மார்செல் துஷாம் 1913-ல் ஒரு முன்சக்கரத்தை ஃபோர்க்கோடு ஸ்டூலின்மேல் கவிழ்த்து வைத்தார். பிக்காசோ 1942-ல் ஒரு பழைய சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்தார், காளையின் தலை வந்துவிட்டது! இரண்டே உருப்படி, வேறெதுவும் இல்லை. சீனத்து ஐ வெய்வெய் ‘ஃபாரெவர்’ என்ற ஷாங்காய்க் கம்பெனி சைக்கிள்களின் பெயரிலேயே சைக்கிள் கோபுரங்களை அடுக்கினார். 2013-ல் கனடாவின் டொரண்டோவில் அவர் நிறுத்தியதில் 3,144 சைக்கிள். பார்க்கப் பிரமாதம்தான். ஆனால் இந்த மூன்றிலும் நீங்கள் ஓட்டிப்போன சைக்கிளை நிறுத்த இடம் கிடையாது.

மறுபக்கம், ஸ்டாண்டைச் சிற்பமாக்கியவர் டேவிட் பைர்ன். ‘டாக்கிங் ஹெட்ஸ்’ என்ற பாட்டுக் குழுவின் பாடகர், தினசரி சைக்கிள்காரர். நியூயார்க் நகரப் போக்குவரத்துத் துறை சைக்கிள் ஸ்டாண்டு வடிவமைப்புக்கு வைத்த போட்டியில் நடுவராகப் போனவர், தாமும் சில படங்கள் வரைந்தார். துறை அதைப் பிடித்துக்கொண்டது. 2008-ல் ஒன்பது ஸ்டாண்டுகள் நிறுவப்பட்டன. வால் ஸ்ட்ரீட்டில் டாலர் குறி, ஐந்தாம் அவென்யூவில் பெண்களின் குதிகால் செருப்பு, கிரீன்விச் வில்லேஜில் நாய். எல்லாம் புது எஃகு, கழிவு இரும்பு இல்லை. சுமார் ஓராண்டு நின்ற பிறகு கலைப்பொருளாக விற்பது என்பது ஏற்பாடு. அழகான வேலைதான். ஆனால் தெருவுக்கு அது விருந்தாளி.

நான் சொல்ல வந்த ஊர் போர்ட்லண்ட். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ளது. அங்கே 2002 வாக்கில் சில இளவட்டங்கள் ஒரு கூத்துத் தொடங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, சின்னப் பிள்ளைகள் ஓட்டும் குட்டி சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ரயிலேறி, மிருகக்காட்சிசாலை இருக்கிற குன்றுக்குப் போவார்கள். அந்த ரயில் நிலையம் 260 அடி ஆழத்தில், சுரங்கத்துக்குள் இருக்கிறது. லிஃப்டில் மேலே வந்து, அங்கிருந்து ஊருக்குள் ஒரே இறக்கம்! முழங்கால் காதைத் தொட, கூச்சல் போட்டுக்கொண்டு வருவார்கள். பேரும் ‘ஜூபாம்ப்’. சைக்கிள் இல்லாமல் வருகிறவனுக்கும் ஒன்று கிடைக்க வேண்டும் என்று, காயலாங்கடையிலும் குப்பையிலும் பொறுக்கிய குட்டி சைக்கிள்களை நகர மையத்தில் ஒரு பீட்சா கடைக்கு வெளியே இருந்த ஸ்டாண்டில் சங்கிலி போட்டுக் குவித்து வைத்தார்கள். குவியல் வளர்ந்தது. நகராட்சிக்கு அது நடைபாதையை அடைத்த பழைய இரும்பு. ஓட்டுகிறவர்களுக்கு அது நூலகம், எடுத்துப் போய் ஓட்டிவிட்டுத் திருப்பி வைக்கலாம்.

நம் ஊராக இருந்தால் லாரி வந்து அள்ளிக்கொண்டு போயிருக்கும். அங்கே பேச்சுவார்த்தை நடந்தது. நகரத்தின் பொதுக்கலைப் பிரிவும் சேர்ந்தது. பிரையன் பொரெல்லோ, வனெஸ்ஸா ரென்விக் என்ற இரண்டு கலைஞர்கள் ஜூபாம்ப் கூட்டத்தோடு உட்கார்ந்து வடிவம் போட்டார்கள். 2009-ல் பர்ன்சைடு சாலைக்கும் 13-ஆம் தெருவுக்கும் சந்திப்பில் நிரந்தரமாக நிறுத்தினார்கள். நடுவில் ஒரு தூண், அதன் உச்சியில் தங்கமுலாம் பூசிய ஒரு குட்டி சைக்கிள், கீழே சுற்றிலும் பூட்டி வைத்த பழைய சைக்கிள்களின் குவியல். ‘போர்ட்லண்ட் மக்கள் சைக்கிள் நூலகம்’ என்பது அதிகாரபூர்வப் பெயர். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பூட்டியிருக்கிற சைக்கிள்கள் சிற்பத்தின் பாகம். ஞாயிறு ராத்திரி சிற்பத்தின் பாதி குன்றின்மேல் இருக்கும்! பயன்படுத்தினால்தான் அது சிற்பம்.

நம் நாட்டில் இதற்கு நெருங்கிய சொந்தக்காரர் சண்டிகரின் நேக் சந்த். பொதுப்பணித் துறையில் சாலை இன்ஸ்பெக்டர். பிரிவினையில் வீடிழந்து வந்தவர். புதுத் தலைநகருக்காக இடித்த கிராமங்களின் உடைசல்களை 1957 வாக்கிலிருந்து தம் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய், கட்டடம் எழுப்பத் தடையிருந்த காட்டுப் பள்ளத்தில், ராத்திரியில், யாருக்கும் தெரியாமல் சிற்பங்கள் செய்தார். பழைய சைக்கிள் சட்டகம் உடலானது, ஃபோர்க் காலானது, சீட் மிருகத்தின் தலையானது. அதன்மேல் சிமெண்டும் உடைந்த வளையலும். ஏறத்தாழ 18 வருடம் கழித்து அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். சட்டப்படி இடிக்க வேண்டும். ஊர் ஜனம் திரண்டு வந்து பார்க்க ஆரம்பித்ததால் இடிக்க முடியவில்லை. 1976-ல் அரசே திறந்து வைத்து, அவருக்குச் சம்பளமும் 50 வேலையாட்களும் கொடுத்தது. 1984-ல் பத்மஸ்ரீ. 2015-ல் மறையும்வரை அந்தப் பாறைத் தோட்டத்தை வளர்த்துக்கொண்டே இருந்தார். சாலை போடப் புல்டோசர் வந்தபோதும் மறித்து நின்றது ஜனம்தான்.

டெல்லியில் 2019-ல் திறந்த ‘வேஸ்ட் டு வொண்டர்’ பூங்காவையும் சொல்ல வேண்டும். சராய் காலே கானில், சுமார் 150 டன் கழிவு இரும்பில் தாஜ்மகால், ஈஃபல் கோபுரம் என்று ஏழு அதிசயங்கள். சைக்கிள் பாகமும் அதில் உண்டு. கூட்டம் அலைமோதுகிறது. எனக்கென்னவோ அது மனசில் ஒட்டவில்லை. ஈஃபல் கோபுரத்துக்கு நம் காயலாங்கடை இரும்பு வேஷம் போட வேண்டுமா?

சரி, இங்கே எப்படிச் செய்வது? இஞ்சினியர் என்ற முறையில் நாலு வார்த்தை. சைக்கிள் சட்டகத்தை வைத்து எலும்புக்கூடு கட்டக்கூடாது. நம் ஊர் சைக்கிள்களில் குழாய்கள் சேரும் இடம் பித்தளைப் பற்றவைப்பு. அதன்மேல் ஆர்க் வெல்டிங் வைத்தால் உருகிய பித்தளை எஃகுக்குள் இறங்கி விரிசல் விடும். குழாயும் மெல்லிசு, பொத்துக்கொண்டு போகும். ஆகவே எலும்பு ஆங்கிளும் சேனலும், சைக்கிள் பாகம் தோல். லாரி பட்டையும் ரயில் தண்டவாளமும் கார்பன் அதிகமான இரும்பு. சூடுபண்ணாமல் வெல்ட் வைத்தால் ஓரத்தில் வெடிக்கும், போல்ட் போடுவதே மேல். கால்வனைஸ் தகட்டைச் சுரண்டாமல் வெல்டிங் செய்தால் புகையில் காய்ச்சல் வரும், பையன்களை அருகில் விடக்கூடாது. வாய் மூடிய குழாய்க்கெல்லாம் அடியில் ஒரு ஓட்டை, இல்லாவிட்டால் உள்ளே தண்ணீர் தேங்கி இரண்டு மழைக்காலத்தில் தின்றுவிடும். தலை உயரத்துக்குக் கீழே கூர்முனையே கூடாது.

ஸ்டாண்டு விஷயத்திலும் ஒரு பழைய தப்பு இருக்கிறது. முன்சக்கரத்தை மட்டும் சொருகுகிற கம்பி ஸ்டாண்டு நாடு முழுக்க உண்டு. பக்கத்து வண்டி சாய்ந்தால் போதும், ரிம் வளையும். வண்டியைத் தாங்க வேண்டியது அதன் உடல். கவிழ்த்த ‘ப’ வடிவக் குழாய் ஒன்று இருந்தால் இருபக்கமும் ஒவ்வொரு சைக்கிளைச் சாய்த்துச் சட்டகத்தையும் சேர்த்துப் பூட்டலாம். இரண்டு ‘ப’வுக்கு நடுவே ஒரு மீட்டர் விட்டால் ஹேண்டில்பார்கள் சிக்காது.

வடிவம் என்ன என்பதை நான் முடிவு செய்வதாக இல்லை. யானை என்கிறார் ஒருவர், குதிரை என்கிறார் இன்னொருவர், ரயில் எஞ்ஜின் என்றது ஒரு பொம்மிடிக் குரல். அங்கே நிறுத்தப்போகிற பிள்ளைகளே வரைந்து, மூன்றாமாண்டு மெக்கானிக்கல் மாணவர்கள் நம் ஊர் வெல்டிங் பட்டறைக்காரர்களோடு உட்கார்ந்து செய்யட்டும். என்னைக் கேட்டால் மரவட்டை. நடுவில் முதுகு, இருபுறமும் பத்துப் பத்துக் கால், ஒவ்வொரு காலும் ஒரு ‘ப’. பத்து மீட்டர் நீளத்தில் 40 சைக்கிள் நிற்கும். அதற்கு மேல் வேண்டுமானால் வால் பக்கம் நீட்டிக்கொண்டே போகலாம்.