பன்னிரண்டு வார்த்தைகள்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. "கண்டேன்" என்று எழுதிவிட்டால் போதும். யாரும் சாட்சி கேட்பதில்லை. பொழுதுபோக்காக வானொலி நிலையம் வைத்துக்கொண்டு கடல் கடந்து பேசுகிறார்களே அமெச்சூர்கள், அவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. இன்ன தேதி, இன்ன மணிக்கு, இன்ன அழைப்புக் குறி உள்ள நிலையத்தோடு பேசினேன் என்று லாக் புத்தகத்தில் எழுதினால், அது பாதிக் கணக்குத்தான். எதிராளியின் புத்தகத்திலும் அந்தப் பேச்சு பதிவாகி, அவர் கார்டு அனுப்பி ஒப்புக்கொண்டால்தான் கணக்கு நேராகும். இப்போது அதைக் கம்ப்யூட்டரிலும் ஒத்துப் பார்க்கிறார்கள்.

இந்தக் கறார் சும்மா வந்ததல்ல. 1921 பிப்ரவரியில் அமெரிக்க அமெச்சூர்கள் அட்லாண்டிக்குக்கு அப்பால் தங்கள் குறிகளை எட்டவைக்க முயன்று தோற்றார்கள். அதே வருஷம் டிசம்பரில் நடக்கவிருந்த மறு முயற்சிக்காக அவர்களுடைய சங்கம், பால் கோட்லே என்பவரை நல்ல கருவிகளோடு கப்பலேற்றி அனுப்பியது. ஸ்காட்லாந்தில் ஆர்ட்ராஸன் என்ற கடலோர ஊரில், குளிரிலும் மழையிலும், கூடாரம் அடித்து உட்கார்ந்தார் மனிதர்.

ஆனால் அமெரிக்கர் அனுப்பி, அமெரிக்கரே கேட்டேன் என்றால் ஊர் நம்புமா? மாப்பிள்ளையின் குணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரே சாட்சி சொல்வது போலத்தானே! ஆகவே மார்க்கோனி கம்பெனியின் இன்ஸ்பெக்டர் பியர்ஸன் பக்கத்தில் அமர்ந்து, தாமும் காதுகொடுத்துக் கேட்டார். தேர்ந்தெடுத்த நிலையங்களுக்கு இரகசிய எழுத்துக்களும் கொடுத்திருந்தார்கள்.

முதலில் கேட்ட அமெரிக்கக் குறி "1ஏஏடபிள்யூ". கூடாரத்தில் எத்தனை ஆனந்தம் இருந்திருக்கும்! பிற்பாடு விசாரித்தால், அந்தக் குறிக்கு உரியவர் அதை அனுப்பவே இல்லை. யாரோ ஒருவன் அவர் பெயரில் களவாக அனுப்பியிருக்கிறான். கடலைத் தாண்டியது நிஜம், தாண்டியவன்தான் பொய். இந்த ஆசாமியை நினைத்தால் எனக்குப் பரிதாபமாகவும் இருக்கிறது. வெளியே வந்து "நான்தான்" என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு வாய் ஏது?

களவு இல்லாவிட்டாலும் காது ஏமாற்றும். மோர்ஸ் முறையில் "வி" என்ற எழுத்துக்கு மூன்று புள்ளி, ஒரு கோடு. நாலு என்ற எண்ணுக்கு ஒரு புள்ளி கூட. பிரிட்டிஷ் ஆட்சியில் இலங்கையின் குறி "விஎஸ்7". சுதந்திரத்துக்குப் பின் "4எஸ்7". ராஜ்ய மாற்றமே ஒரு புள்ளிக்குள் அடங்கிவிட்டது!

ஆகையால் அழைப்புக் குறி கேட்டது மட்டும் போதாது. டிசம்பர் 12 அதிகாலையில் கனெக்டிகட்டிலிருந்து "1பிஸிஜி" நிலையம் ஒரு முழுச் செய்தியே அனுப்பியது. விலாசம், வாழ்த்து, அனுப்பிய ஆறு பேரின் பெயர்கள் எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு வார்த்தைகள். குறியை ஊகித்து எழுதலாம். ஆறு பெயர்களை வரிசையாக ஊகிக்க எந்த நாவலாசிரியனாலும் முடியாது. அந்த ஆறு பேரில் ஒருவர் ஆர்ம்ஸ்ட்ராங். கோட்லே அந்தக் கூடாரத்தில் வைத்திருந்த சூப்பர்ஹெட்டரோடைன் கருவியின் முறையைக் கண்டுபிடித்தவர் அவரேதான்.