இயந்திரம் ஏறிய இராகங்கள்

திருக்கோணமலைத் துறைமுகத்தை அடுத்த கோணேசர் குன்றின்மேல் திருஞானசம்பந்தரின் பதிகம் ஓதப்படும்போது அது புறநீர்மைப் பண்ணில், அதாவது இன்றைய பூபாள இராகத்தில், பாடப்படுவது மரபு. சம்பந்தர் இராமேச்சுரத்தில் நின்றவாறே கடலுக்கு அப்பாலுள்ள இத்தலத்தைப் பாடினார் என்று பெரியபுராணம் கூறும். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்து, அதன் கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தினர். சம்பந்தருடன் சென்ற திருநீலகண்ட யாழ்ப்பாணர் மீட்டிய யாழும் வழக்கொழிந்தது. பண் மட்டும் குரல்வழியே வந்து சேர்ந்தது.

அந்த யாழுக்கும் ஓர் எல்லை இருந்ததைத் தருமபுரத்து வரலாறு சொல்கிறது. சம்பந்தர் பாடிய ஒரு பதிகம் யாழில் அடங்கவில்லை. யாழ்ப்பாணர் மனம் வெதும்பி யாழையே உடைக்க ஓங்கினார். குரலின் குழைவைக் கருவி ஏற்குமா என்ற இவ்வழக்கு பின்னர் வானொலிக்கும் வந்தது. ஆர்மோனியத்தின் கட்டைகள் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்ல மாட்டா என்பது அதன்மீது சாட்டப்பட்ட குற்றம். அகில இந்திய வானொலி 1940இல் அக்கருவியை விலக்கிவைத்தது. 1971இல்தான் தடை தளர்ந்தது.

இவ்வழக்கில் எதிர்பாராத சாட்சியாக வந்தது ஓர் இசைத்தட்டு. பம்பாய்த் திரைப்பட இசைக்குழுக்களில் கிட்டார் வாசித்து வந்த சரண்ஜித் சிங், ஜப்பானிய ரோலண்ட் நிறுவனத்தின் மின்னணுக் கருவிகள் சிலவற்றைச் சிங்கப்பூரில் வாங்கி வந்தார். 1982இல் அவற்றைக் கொண்டு, 'டிஸ்கோ தாளத்தில் பத்து இராகங்கள்' என்னும் பொருள்படப் பெயரிட்டு ஒரு தட்டைப் பதிவு செய்தார். எச்.எம்.வி. அதனை வெளியிட்டது.

அக்கருவிகளுள் டி.பி. 303 என்பது, தனியே பயிலும் கிட்டார்க் கலைஞருக்குத் துணையாகக் கீழ்த்தாயி ஒலிகளைத் தருவதற்கென்று அமைந்த சிறு பெட்டி. இயற்கையான கிட்டார் ஒலி அதில் வராமையால் விற்பனை குன்றி, 1984இல் உற்பத்தி நின்றது. ஆனால் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் வசதி அதில் உண்டு. ஆர்மோனியத்தில் இல்லாத அந்த ஒன்று இந்த எளிய பெட்டியில் இருந்தது! தட்டில் வரும் பூபாலி நமது மோகனம் (பெயர் ஒத்திருந்தாலும் பூபாளம் அன்று), மால்கௌன்ஸ் இந்தோளம், யமன் கல்யாணி, கலாவதி வலசி, பைராகி ரேவதி. தமிழ்ச் செவிக்கு ஓரிரு வினாடியில் இராகம் புலப்பட்டுவிடும். எனினும் குறை இல்லை என்பதற்கில்லை. தாளம் இறுதிவரை ஒரே சீராக அடிக்கிறது. நெடிய ஆலாபனைக்கு இடமே இல்லை. யாழ்ப்பாணரின் மனக்குறையை இந்தப் பெட்டி முற்றும் தீர்த்துவிடவில்லை.

அதே ஆண்டுகளில் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் கபரே வோல்டேர் போன்ற குழுவினர், பங்க் இசைக்குப் பின்வந்த அலையில், மின்னணு ஒலிகளைச் சோதித்து வந்தனர். அவர்களுக்கு இரசிகர் கூட்டம் இருந்தது. சரண்ஜித்தின் தட்டோ விலைபோகாமல் மறைந்தது.

எடோ பௌமன் என்னும் ஒல்லாந்தர் 2002இல் டில்லியில் ஒரு பழைய பிரதியைக் கண்டெடுத்து, பின்னர் மும்பையில் கலைஞரையே தேடிக் கண்டு, 2010இல் மறுபதிப்புச் செய்தார். உடனே ஒரு விவாதம் கிளம்பிற்று. சிக்காகோவில் ஃபியூச்சர் என்ற குழு 1987இல் இதே 303 பெட்டியைக் கொண்டு 'ஆசிட் ஹவுஸ்' என்ற நடன இசைக்கு வித்திட்டது. சரண்ஜித்தோ ஐந்தாண்டு முந்தியவர். ஆகவே அவரே அதன் தந்தை என்றனர் பலர். சிக்காகோ இளைஞர்கள் இத்தட்டைக் கேட்டிருந்தனர் என்பதற்குச் சான்று இல்லை. தந்தைப் பட்டம் பொருந்தாது. அப்பட்டம் இல்லாமலே மதிக்கத்தக்க பணி அது.

எழுபது வயதைக் கடந்தபின் அவர் ஐரோப்பிய மேடைகளில் இந்த இராகங்களை மீண்டும் வாசித்தார். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார். படங்களிலெல்லாம் டிஸ்கோ நிறைந்திருந்த காலத்தில், தபலாவை நிறுத்திவிட்டு அந்தத் தாளத்திலேயே இராகங்களை வாசித்தால் என்ன என்று தோன்றியது. இத்தட்டுக்கு அவர் கூறிய காரணம் அவ்வளவே.