மூடப்படாத குறைப்பதிவு: சஹானாவும் மீரியபெத்தையும்

மென்பொருள் வரலாறு பேசுவோர் நிரலெழுதியவரின் திறமையையே பெரிதும் பேசுவர். தேவையைப் பதிந்து, பொறுப்பாளரைக் குறித்து, திருத்தி, சோதித்து, வெளியிட்டு, மீண்டும் குறை கேட்கும் நிர்வாகச் சுழற்சி அத்துணைக் கவனம் பெறுவதில்லை. இந்நாட்டில் அதற்குச் சிறந்த சான்று ‘சஹானா’ எனும் பேரிடர் முகாமை மென்பொருள். அதனை ஊவாவில் நிகழ்ந்த ஓர் அழிவுடன் ஒப்புநோக்க விழைகின்றோம்.

2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையின் பின் இலங்கை மென்பொருளாளர் பலர் தொண்டர்களாய்க் கூடிச் சஹானாவை ஆக்கினர். சிங்களத்தில் அச்சொல் நிவாரணத்தைக் குறிக்கும். காணாமற்போனோர் பதிவேடும் முகாம் பதிவேடும் அதன் முதற் கூறுகளுட் சில. அவசரத்தில் எழுதிய நிரலைத் திறந்த மூல மென்பொருளாகப் பேணியமையே அதன் ஆயுளை நீட்டியது. 2005 இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010 இல் ஹெயிட்டியிலும் அது பயன்பட்டது. இத்தகைய திட்டங்களில் யார், எப்போது, எதற்காக மாற்றினார் என்பது பதிவாகும். தீர்க்கப்படாத குறை எல்லார் கண்ணுக்கும் தெரியத் திறந்தே கிடக்கும்.

சஹானா பிறந்து பத்தாண்டு நிறையுமுன், 2014 ஒக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்ட லயன்களை மண் மூடியது. காணாமற்போனோர் தொகை நூறெனவும் முந்நூறெனவும் மாறி மாறிக் கூறப்பட்டது. மலை திடீரெனச் சரிந்ததன்று. 2005 இலும் 2011 இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. குறை பதிவாகியிருந்தது, பொறுப்பாளர் பெயருக்குரிய இடந்தான் வெறுமையாயிருந்தது.

இவ்வெறுமை தற்செயலானதன்று. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் முகாமை கம்பனிகளுக்கு மாறியபோதும் நிலம் அரசினதாகவே நின்றது. லயனில் வாழ்ந்தவருக்கோ காணியுமில்லை, வீட்டுறுதியுமில்லை. 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாயிருந்தது. அரசு கம்பனியைச் சுட்ட, கம்பனி அரசைச் சுட்ட, சபை சட்டத்தைச் சுட்டிற்று. ‘எச்சரித்தும் ஏன் வெளியேறவில்லை?’ என உழைக்கும் மக்களை வினவியோர் உளர். வெளியேறி எங்குச் செல்வது என்பதை அவர்கள் கூறினரல்லர்.

சஹானா போன்ற பதிவேடு மண்ணில் புதைந்தோரை எண்ண உதவலாம். ஆயின் எச்சரிக்கையைச் செயலாக்கும் கடமை யாருடையது என்பதைச் சட்டமே வரையறுத்தல் வேண்டும். தோட்டங்களுக்கும் பிரதேச சபைகள் பணியாற்ற இடமளிக்கும் திருத்தம் 2018 இல் நிறைவேறியது. மீரியபெத்தை சரிந்து அப்போது நான்காண்டு கழிந்திருந்தது.