மக்கள் உணவுக்கூடம் (பெரு)

மக்கள் உணவுக்கூடம் என்பது தென் அமெரிக்க நாடான பெருவில், ஏழைக் குடியிருப்புகளில் வாழும் பெண்கள் ஒன்றுசேர்ந்து தங்கள் குடும்பங்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் பொதுவில் சமைத்து வழங்கும் தன்னார்வ அமைப்பு ஆகும். ஸ்பானிய மொழியில் இது கொமெதோர் பொப்புலார் என அழைக்கப்படுகிறது. 1970களின் இறுதியில் தலைநகர் லிமாவின் புறநகர்ப் பகுதிகளில் தோன்றிய இவ்வமைப்பு பின்னர் நாடு முழுவதும் பரவியது.

சமைப்பவர்களும் உண்பவர்களும் ஒரே தெருவைச் சேர்ந்த மக்களே என்பது இதன் தனித்தன்மை. எனவே வசதி உள்ளோர் இல்லாதோருக்கு இடும் அன்னதானத்தோடோ, பஞ்ச காலத்தில் திறக்கப்படும் கஞ்சித் தொட்டியோடோ இதனை ஒப்பிடுவது முழுமையாகப் பொருந்தாது.

தோற்றம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இருந்து அந்தீசு மலைப்பகுதி மக்கள் பெருமளவில் லிமாவுக்குக் குடிபெயர்ந்தனர். நகரைச் சூழ்ந்த பாலை மணலிலும் மொட்டைக் குன்றுகளிலும் அவர்கள் குடிசைகள் அமைத்துக்கொண்டனர். 1968இல் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவ அரசு இக்குடியிருப்புகளுக்கு 'இளம் ஊர்கள்' எனப் பெயரிட்டது. 1971இல் உருவான வில்லா எல் சால்வடோர் இவற்றுள் புகழ் பெற்றது. தன் சமூக அமைப்பு முறைக்காக அவ்வூர் 1987இல் ஸ்பெயினின் அசுத்தூரியாசு இளவரசர் விருதைப் பெற்றது.

1970களின் பிற்பகுதியில் விலைவாசி உயர்ந்தது, கூலியின் மதிப்பு சரிந்தது, வேலைநிறுத்தங்கள் தொடர்ந்தன. வேலைநிறுத்தக் காலங்களில் தொழிலாளர் குடும்பங்கள் 'பொதுப்பானை' வைத்து ஒன்றாகச் சமைத்து உண்பது வழக்கம். போராட்டம் முடிந்ததும் பானையை எடுத்து வைத்துவிடுவர். ஆனால் இம்முறை போராட்டங்கள் முடிந்த பின்னரும் விலைகள் இறங்கவில்லை. கோமாசு, எல் அகுசுத்தீனோ போன்ற பகுதிகளில் பெண்கள் பொதுச் சமையலை நாள்தோறும் தொடர முடிவு செய்தனர். கத்தோலிக்கப் பங்குக் கோயில்கள் இடமும் பாத்திரங்களும் தந்து உதவின. காரித்தாசு அமைப்பின் வழியாக உணவுப் பொருட்கள் கிடைத்தன.

செயல்முறை

ஒரு கூடத்தில் பொதுவாக 20 முதல் 30 பெண்கள் வரை உறுப்பினராக இருப்பர். அவர்கள் சிறு குழுக்களாகப் பிரிந்து முறை வைத்துச் சமைப்பர். முறைக்குரியவர்களில் ஓரிருவர் விடியுமுன் மொத்தச் சந்தைக்குச் சென்று காய்கறி, மீன் போன்றவற்றை வாங்கி வர, மற்றவர்கள் அடுப்பு மூட்டுவர். மதிய உணவே முதன்மையானது. சூப்பும், அதனுடன் சோறும் பருப்பு அல்லது உருளைக்கிழங்குக் குழம்பும் வழக்கமான உணவாகும். பலர் பாத்திரம் கொண்டுவந்து வாங்கி, வீட்டிற்கு எடுத்துச் சென்று உண்பர்.

உணவு இலவசம் அன்று. உறுப்பினர்கள் குறைந்த விலையும், வெளியார் சற்றுக் கூடுதல் விலையும் கொடுப்பர். நோயாளிகள், ஆதரவற்ற முதியோர் போன்ற சிலருக்கு மட்டும் விலையின்றி வழங்கப்படும். இவர்கள் யார் என்பதை உறுப்பினர்களே கூடி முடிவு செய்வர். அன்று சமைத்தவருக்குக் கூலி கிடையாது. அவர் குடும்பத்திற்கு உரிய சில பங்கு உணவே அவர் பெறுவது.

இதன் பொருளியல் எளிமையானது. முப்பது வீடுகளில் எரியும் அடுப்புகளுக்குப் பதிலாக ஓர் இடத்தில் எரிவதால் எரிபொருள் மிச்சமாகிறது. மொத்தமாக வாங்குவதால் விலை குறைகிறது. முறை இல்லாத நாட்களில் மற்ற பெண்கள் கூலி வேலைக்கோ தெரு வணிகத்திற்கோ செல்ல முடிகிறது. தலைவி, பொருளாளர், பண்டகக் காப்பாளர் ஆகியோர் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். கணக்கேடு அனைவர் முன்னிலையிலும் வாசிக்கப்படும். பானையைவிட இக்கணக்கேடே கூடத்தை நிலைநிறுத்தியது எனலாம். கணக்கில் ஐயம் எழுந்தால் மறுநாள் காசு கொடுக்க எவரும் முன்வரமாட்டார்.

எல்லாக் கூடங்களும் தாமே தோன்றியவை அல்ல. 1980களில் பதவிக்கு வந்த அரசுகளும் தம் ஆதரவில் சமையற்கூடங்களையும் தாய்மார் சங்கங்களையும் அமைத்தன. இவற்றுக்கும் தன்னாட்சிக் கூடங்களுக்கும் இடையே போட்டி நிலவியது.

பால் குவளைத் திட்டம்

1984இல் லிமா மேயராக இருந்த அல்பொன்சோ பர்ராந்தெசு, குழந்தைகளுக்கு நாள்தோறும் ஒரு குவளை பால் வழங்கும் திட்டத்தைத் தொடங்கினார். பால் காய்ச்சி வழங்கும் பணியைத் தெருவாரியான பெண்கள் குழுக்கள் ஏற்றன. அதே ஆண்டு பெண்கள் நடத்திய பேரணியைத் தொடர்ந்து 1985 ஜனவரியில் 24059ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இத்திட்டம் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது.

1990 விலை அதிர்ச்சி

1990ஆம் ஆண்டில் பெருவின் பணவீக்கம் 7,000 விழுக்காட்டைத் தாண்டியது. ஆகஸ்ட் 8ஆம் நாள் அல்பெர்த்தோ புஜிமோரியின் அரசு மானியங்களை ஒரே இரவில் நீக்கியது. பெட்ரோல் விலை ஏறத்தாழ 30 மடங்கு உயர்ந்தது. அடிப்படை உணவுப் பொருட்களின் விலையும் பல மடங்கானது. அதுவரை உணவுக்கூடங்களை நாடாத குடும்பங்களும் வரிசையில் நின்றன. கூடங்களின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் பெருகியது.

உணவுக்கூடங்களுக்கு அரசு உதவ வேண்டும் எனக் கோரும் பெண்களின் இயக்கத்தால் 1991இல் 25307ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் அதனை நடைமுறைப்படுத்தும் விதிகள் 2002ஆம் ஆண்டில்தான் வெளியாயின.

வன்முறை

ஒளிரும் பாதை எனப்படும் மாவோயிச ஆயுத இயக்கம் உணவுக்கூடங்களைப் பகையாகக் கண்டது. பசியைத் தணிப்பதால் இவை புரட்சியை மழுங்கச் செய்கின்றன என்பது அதன் வாதம். பெண் தலைவர்கள் மீது திருட்டுப் பழி சுமத்தித் துண்டறிக்கைகள் பரப்பப்பட்டன. கணக்கேட்டின் நம்பிக்கையில் நின்ற ஓர் அமைப்புக்கு இப்பழி குண்டுக்கு நிகரானது. 1991 ஆகஸ்டில் காயாவோ பகுதியின் பால் குவளைக் குழுத் தலைவி ஹுவானா லோபெசு கொல்லப்பட்டார். செப்டம்பரில் வில்லா எல் சால்வடோரில் உணவுக்கூடங்களுக்குப் பொருள் வழங்கிய பெண்கள் கூட்டமைப்பின் கிடங்கு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

அக்கூட்டமைப்பின் முன்னாள் தலைவியும் ஊரின் துணை மேயருமான மரியா எலேனா மொயானோ (1958-1992) இத்தாக்குதலை வெளிப்படையாகக் கண்டித்தார். அவர் அரசின் பொருளாதாரக் கொள்கையையும் எதிர்த்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. 1992 பெப்ரவரி 14 அன்று ஒளிரும் பாதை அறிவித்த கட்டாய முழுஅடைப்பை மீறி அவர் அமைதிப் பேரணி நடத்தினார். மறுநாள் பால் குவளைக் குழு நடத்திய நிதி திரட்டும் நிகழ்ச்சியில் தன் பிள்ளைகளின் முன்னிலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடலும் வெடிவைத்துச் சிதைக்கப்பட்டது. அவரது இறுதி ஊர்வலத்தில் பெருந்திரளான மக்கள் பங்கேற்றனர். இவரது வாழ்வைத் தழுவி 1998இல் அல்பெர்த்தோ துராந்து இயக்கிய 'கொராஹே' என்ற திரைப்படம் வெளியானது.

அரசும் விமர்சனங்களும்

1992இல் அமைக்கப்பட்ட புரோனா என்ற அரசு நிறுவனம் கூடங்களுக்கு அரிசி, எண்ணெய் போன்றவற்றை வழங்கியது. 2012இல் அது கலைக்கப்பட்டு, பொறுப்பு உள்ளூராட்சிகளிடம் சென்றது. அரசு தரும் அரிசிக்குக் கைம்மாறாகத் தேர்தல் கூட்டங்களுக்கு வருமாறு பெண்கள் நெருக்கப்பட்டனர் என்ற குற்றச்சாட்டு 1990களில் பலமுறை எழுந்தது.

நெருக்கடிக்காகத் தொடங்கியது நிரந்தரமாகிவிட்டது என்பதும், அரசின் கடமையைப் பெண்களின் கூலியில்லா உழைப்பு சுமக்கிறது என்பதும் ஆய்வாளர் சிலரின் விமர்சனம். வீட்டைவிட்டு வெளியே பேசியறியாத பெண்கள் இங்கு கூட்டம் நடத்தவும் அதிகாரிகளிடம் வாதாடவும் கற்றனர் என வேறு சிலர் சுட்டுகின்றனர். இரண்டும் உண்மையே.

2020 பெருந்தொற்று

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு தொடங்கியபோது அன்றாடக் கூலியை நம்பியோர் வருவாய் இழந்தனர். கூட்டம் கூடத் தடை இருந்ததால் பழைய உணவுக்கூடங்கள் பல மூடப்பட்டன. அவற்றின் உறுப்பினர்களில் பலர் முதியவர்களாக இருந்ததும் ஒரு காரணம். குன்றுகளின் உச்சியில் இருந்த புதிய குடியிருப்புகளில் 1970களின் பொதுப்பானை மீண்டும் தோன்றியது. குழாய் நீர் இல்லாத அவ்விடங்களில் லாரித் தண்ணீரைக் கொண்டும், எரிவாயு வாங்க இயலாதபோது விறகைக் கொண்டும் பெண்கள் சமைத்தனர். லிமாவில் மட்டும் இத்தகைய பொதுப்பானைகள் 2,000க்கும் மேல் பதிவாயின. பதிவு பெற்ற உணவுக்கூடங்களுக்கு உரிய அரசு உதவி தொடக்கத்தில் இவற்றுக்குக் கிடைக்கவில்லை. 2022ஆம் ஆண்டின் 31458ஆம் இலக்கச் சட்டம் இவற்றுக்குச் சட்ட ஏற்பு அளித்தது.