பெடிக்கிள் திருகு

பெடிக்கிள் திருகு என்பது முறிந்த அல்லது வளைந்த முதுகெலும்பை அசையாமல் நிறுத்துவதற்காக முதுகுப்புறமிருந்து முள்ளெலும்புக்குள் செலுத்தப்படும் உலோகத் திருகு. முள்ளெலும்பின் முன்புற உருளையையும் பின்புற வளைவையும் இடமும் வலமுமாக இரண்டு எலும்புக் காம்புகள் இணைக்கின்றன. அந்தக் காம்பே பெடிக்கிள். அதன் உட்சுவரை ஒட்டித் தண்டுவடமோ அதன் நரம்புக் கற்றையோ செல்கிறது; அடிப்புறத்தை ஒட்டி நரம்பு வேர் வெளியேறுகிறது. இவற்றைத் தொடாமல் காம்பின் நடுவே போய் உருளைக்குள் இறுகுவதே நல்ல திருகு. நோயாளிகளும் உறவினரும் 'ஸ்குரூ, ராடு வைத்த ஆபரேஷன்' என்பது பெரும்பாலும் இதைத்தான்.

தேவை

ராமநாதபுரம் மாவட்டத்துச் சாயல்குடி, கடலாடி, மண்டபம் வட்டாரங்களில் பனைத்தொழில் பலருக்கு வாழ்வாதாரம். பதநீர்ப் பருவத்தில் பனையேறி காலில் தளைநார் மாட்டிக்கொண்டு, காலையும் மாலையும் உயர்ந்த மரங்களில் ஏறி இறங்குகிறார். பிடி தவறிக் குதிகாலோ பிட்டமோ தரையில் மோதினால் அந்த விசை முதுகெலும்பு வழியே மேலேறுகிறது. விலா எலும்புகளால் இறுகிய மார்புப் பகுதியும் எளிதில் வளையும் இடுப்புப் பகுதியும் சந்திக்கும் இடத்தில், அதாவது மார்பின் 12ஆம் முள்ளெலும்பிலும் இடுப்பின் முதல் முள்ளெலும்பிலும், முறிவு மிகுதி. நொறுங்கிய சில்லு பின்னோக்கித் தள்ளப்பட்டுத் தண்டுவடத்தை அழுத்தினால் கால்கள் செயலிழக்கலாம். சிறுநீர், மலக் கட்டுப்பாடும் போகலாம். இத்தகைய முறிவுகளை நிறுத்தவே இத்திருகு தேவைப்படுகிறது.

வரலாறு

1891இல் அமெரிக்க மருத்துவர் ஹாட்ரா, முள்ளெலும்புகளின் பின்முனைகளைக் கம்பியால் சுற்றிக் கட்டினார். 1940களில் டான் கிங், பின்புற மூட்டுகளின் குறுக்கே சிறு திருகுகளைச் செலுத்தினார். அவற்றில் பிடிமானம் குறைவு. 1959இல் கனடாவின் பௌச்சர் நீண்ட திருகைச் சாய்வாகச் செலுத்திப் பெடிக்கிளுக்குள் கொண்டுபோனார். பெடிக்கிள் திருகின் வரலாறு அவரிடமிருந்தே தொடங்குகிறது. பாரிஸைச் சேர்ந்த ராய்-கமில், 1963 முதல் திருகுகளைத் தகட்டோடு பிணைத்து, 1970இல் முறையை வெளியிட்டார்.

இதற்கிடையே 1962இல் ஹாரிங்டன் வெளியிட்ட கொக்கி-கம்பி முறை, பக்கவளைவுத் திருத்தத்தில் நெடுங்காலம் கோலோச்சியது. ஆனால் கொக்கி எலும்பின் பின்புறத்தை மட்டுமே பற்றும். திருகோ பின்புறம், நடு, முன்புறம் என முள்ளெலும்பின் மூன்று பகுதிகளையும் பற்றும். சுவிட்சர்லாந்தில் மேகர்லும் வால்டர் டிக்கும், அமெரிக்காவில் ஸ்டெஃபியும் இம்முறையை வளர்த்தனர். 1990களில் அமெரிக்காவில் இத்திருகுகள்மீது ஆயிரக்கணக்கான வழக்குகள் எழுந்தன. 1998இல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் முக்கியப் பயன்பாடுகளுக்கு இவற்றைக் கட்டுப்பாடு குறைந்த பிரிவுக்கு மாற்றியது.

வடிவமைப்பு

திருகுக்கு இரண்டு ஆபத்துகள்: பிடுங்கிக்கொண்டு வருதல், முறிதல். பிடிமானம் பெரிதும் மரையின் வெளிவிட்டத்தையும் எலும்பின் அடர்த்தியையும் பொறுத்தது. வளைவைத் தாங்கும் வலிமை, மரைக்குள் இருக்கும் தண்டின் விட்டத்தினுடைய மும்மடியைப் பொறுத்தது. 4 மி.மீ. தண்டை 5 மி.மீ. ஆக்கினால் வலிமை 64க்கு 125 என்ற விகிதத்தில், ஏறத்தாழ இரு மடங்காகும். ஆனால் வெளிவிட்டம் மாறாமல் தண்டு மட்டும் தடித்தால் மரையின் ஆழம் குறைந்து பிடிமானம் தளரும். திருகு முழுவதையும் தடிமனாக்கவும் வழியில்லை. இடுப்பின் 5ஆம் முள்ளெலும்பில் காம்பின் அகலம் 15 மி.மீ. அளவுக்கு விரியும், மார்பின் நடுப்பகுதியிலோ 4, 5 மி.மீ.தான். பெருத்த திருகு காம்பைப் பிளந்துவிடும். ஆகவே திருகின் அளவை நோயாளியின் சி.டி. ஸ்கேனே முடிவுசெய்ய வேண்டும்.

வகைகள்

தலை அசையாதது ஒற்றை அச்சுத் திருகு. முறிந்த எலும்பை நிமிர்த்த ஏற்றது. தலை பல திசையில் திரும்புவது பல அச்சுத் திருகு. திருகுகளை இணைக்கும் கம்பியை (ராடு) அதில் எளிதாகப் பூட்டலாம். நுனி நோக்கிக் குறுகுவது கூம்புத் திருகு. எலும்பு மெலிந்த முதியவர்களுக்குப் பக்கத் துளைகள் வழியே எலும்புச் சிமென்ட் கசியும் துளைத் திருகும், உள்ளே போனபின் விரியும் திருகும் உண்டு. பொருள் பெரும்பாலும் டைட்டானியம் கலவை; துருப்பிடிக்காத எஃகும் பயன்பட்டது.

செலுத்தும் முறை

முள்ளெலும்பின் பக்க நீட்சியும் மூட்டும் சேரும் இடத்தில் எலும்பின் மேலோட்டைத் திறந்து, மழுங்கிய கருவியைச் சிறிது சிறிதாக அழுத்திப் பாதை போடுவார்கள். பிறகு நுனியில் சிறு குமிழுள்ள மெல்லிய கம்பியை விட்டு, நான்கு சுவரும் அடித்தளமும் தட்டுப்படுகின்றனவா என்று துழாவுவார்கள். ஒரு பக்கம் எலும்பு தட்டாமல் மெத்தென்று போனால் சுவர் உடைந்திருக்கிறது. பாதையை மாற்ற வேண்டும்.

தமிழ்நாட்டின் பங்கு

1978இல் தொடங்கப்பட்ட கோவை கங்கா மருத்துவமனையில் எஸ். ராஜசேகரன் குழுவினர், கணினி வழிகாட்டலோடும் அதில்லாமலும் மார்பு முள்ளெலும்புத் திருகுகளைச் செலுத்தி ஒப்பிட்டனர். கூன், பக்கவளைவு உள்ள 33 நோயாளிகளிடம் நடந்த இந்த ஆய்வு 2007இல் 'ஸ்பைன்' இதழில் வெளிவந்தது. வழிகாட்டல் இல்லாதபோது 23 விழுக்காடு திருகுகள் காம்பின் சுவரை மீறின. வழிகாட்டலோடு 2 விழுக்காடு மட்டுமே. திருகு செலுத்தும் நேரமும் குறைந்தது. இந்த ஆய்வில், வளைந்த முதுகெலும்பில் கணினி வழிகாட்டலே துல்லியமாக இருந்தது.

இன்றைய நிலை

திருகின் பாதையைக் காட்டும் ரோபோ கையும் முப்பரிமாண அச்சு வார்ப்புகளும் புழக்கத்துக்கு வந்துள்ளன.

எவ்வளவு தேர்ந்த திருகும் எலும்பைத்தான் நிறுத்தும். அறுந்த தண்டுவடத்தை ஒட்டவைக்காது. எனவே மரத்திலிருந்து விழுந்தவரைக் கையும் காலுமாகத் தூக்கக் கூடாது. உட்கார வைக்கவும் கூடாது. கழுத்தும் முதுகும் வளையாமல் கிடத்தி, 108 வண்டியை அழைத்து, பலகையில் ஏற்றியே கொண்டுபோக வேண்டும்.