மண்ணில் விழுந்த நகையும் மண் காத்த நகையும்

செம்பரம்பாக்கத்தைச் சுற்றியுள்ள ஏதோ ஒரு வயலில் நடவு வேலை செய்யும் பெண்ணின் மெட்டி சேற்றில் கழன்று போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்லது ஏரிக்கரையில் நடந்து சென்ற ஒருவரின் மோதிரம் புல்லுக்குள் விழுந்துவிட்டது. என்ன செய்வார்கள்? நாலு பேர் குனிந்து தேடுவார்கள். சேற்றைக் கையால் துழாவுவார்கள். மண்ணைச் சல்லடையில் போட்டுச் சலிப்பார்கள். இருட்டியதும், போனது போனதுதான் என்று வீடு திரும்புவார்கள்.

இப்படித் தொலைந்த பொருளைத் தேடுவதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் உலகில் பல நாடுகளில் இருக்கிறார்கள். கையில் ஒரு நீண்ட கோல். அதன் நுனியில் வட்டமான ஒரு தட்டு. அந்தத் தட்டைத் தரைக்கு மேலே இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டே நடப்பார்கள். அடியில் உலோகம் இருந்தால் கருவி ஒலி எழுப்பும். மெட்டல் டிடெக்டர் என்று நாம் சொல்லும் அதே கருவிதான். விமான நிலையத்திலும் கூட்டம் சேரும் கோயில் வாசல்களிலும் காவலர் கையில் இதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதை நாமும் ஒன்று வாங்கி வயல்வெளியில் இறங்கலாமா என்ற ஆசை உங்களுக்கு எழலாம். ஆசைப்படுமுன் அந்தக் கருவி எப்படிப் பிறந்தது, எதைக் கேட்கும், எதைக் கேட்காது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

தட்டுக்குள் இருப்பது செம்புக் கம்பிச் சுருள். அதில் மாறுதிசை மின்னோட்டம் பாயும்போது சுற்றிலும் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலம் உண்டாகிறது. அப்புலத்தினுள் ஒரு மோதிரம் அகப்பட்டால் மோதிரத்திலும் சிறு மின்னோட்டம் தூண்டப்படுகிறது. அதைச் சுழல் மின்னோட்டம் என்பார்கள். அந்தச் சுழல் மின்னோட்டம் தனக்கென்று ஒரு சிறு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. தட்டிலுள்ள இரண்டாவது சுருள் அந்த மாற்றத்தை உணர்ந்து ஒலியாக்குகிறது. கருவியின் தத்துவம் இவ்வளவுதான். தங்கத்தைத் தங்கம் என்று அது அறிவதில்லை என்பதைக் கவனியுங்கள். தன் அடியில் மின்சாரத்தைக் கடத்தும் ஏதோ ஒன்று இருக்கிறது என்பதே அதற்குத் தெரிந்த செய்தி.

இந்தத் தத்துவத்தை 1879-இல் டேவிட் ஹியூஸ் என்பவர் ஓர் ஆய்வுக் கருவியாக்கினார். இரண்டு சுருள்களைச் சமன் செய்து வைத்துவிட்டால், அருகில் வரும் சிறு உலோகமும் அந்தச் சமநிலையைக் கெடுத்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். நல்ல நாணயத்தையும் கள்ள நாணயத்தையும்கூட அதனால் பிரித்தறிய முடிந்தது. ஆனால் உலகம் முழுவதும் இதைப் பற்றிப் பேச வைத்தது ஒரு துயர நிகழ்ச்சி.

1881 ஜூலை 2 அன்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு வாஷிங்டன் ரயில் நிலையத்தில் சுடப்பட்டார். ஒரு குண்டு உடலுக்குள்ளேயே தங்கிவிட்டது. எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. இன்னும் பதினான்கு ஆண்டுகள் கழித்தே அது வரவிருந்தது. மருத்துவர்கள் காயத்தில் விரலை விட்டுத் தேடினார்கள். தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், சுருள்களுடன் தொலைபேசிக் கேட்பானை இணைத்து ஒரு கருவி செய்துகொண்டு வந்தார். உள்நாட்டுப் போரில் குண்டடிபட்டு, உடலில் குண்டுடனே வாழ்ந்துவந்த பழைய போர்வீரர்களிடம் அதைச் சோதித்தார். கருவி சரியாகவே காட்டியது. தலைவரின் உடலிலோ ஒலி தெளிவில்லாமல் எங்கெங்கோ கேட்டது. படுக்கையின் அடியில் எஃகுக் கம்பிகள் இருந்தது பின்னரே பெல்லுக்குத் தெரிந்தது. அதைவிடப் பெரிய தடை தலைமை மருத்துவர். குண்டு வலப்பக்கம் இருப்பதாக அவர் முடிவு கட்டியிருந்தார். அந்தப் பக்கத்தை மட்டுமே தேட விட்டார். செப்டம்பர் 19 அன்று கார்ஃபீல்டு இறந்தார். பிணப் பரிசோதனையில் குண்டு இடப்பக்கத்தில் இருந்தது. கருவியின் தோல்வி என்று இதைச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கே தேடுவது என்பதை மனிதன்தான் முடிவு செய்தான்.

பெல்லின் கருவி கையடக்கமாகிச் சந்தைக்கு வர ஐம்பது ஆண்டுகள் ஆயின. ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய கெர்ஹார்டு ஃபிஷர், விமானங்களுக்கு வழி காட்டும் வானொலிக் கருவிகளில் வேலை செய்துகொண்டிருந்தார். உலோகத் தாது நிறைந்த நிலப்பகுதிகளில் அவை தவறான திசையைக் காட்டின. இந்தத் தவற்றையே பயனுள்ளதாக மாற்றலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1930-களில் உலோகம் தேடும் கருவியைச் செய்து காப்புரிமையும் பெற்றார்.

பிறகு போர் வந்தது. போலந்து நாட்டு அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி ஸ்காட்லாந்தில் இருந்தபோது கண்ணிவெடி தேடும் கருவி ஒன்றை வடிவமைத்தார். ஒரே ஆள் தூக்கிச் செல்லலாம். எடை சுமார் 14 கிலோ. 1942 அக்டோபரில் எல் அலமெய்ன் போரில் பாலைவன மணலில் வழி திறந்தவை இக்கருவிகளே. இந்தப் போர்க்காலக் கதையில் நம் பகுதிக்கும் ஒரு பங்கு உண்டு. இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள கீழ் ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன், மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் இருந்தவர். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மின்யானோ என்னுமிடத்தில் கண்ணிவெடி அகற்றும் பணியின்போது வெடி ஒன்று கிளம்பிவிட்டது. உடன் இருந்தவர்களைக் காக்க அவர் அதன்மேல் தம் உடலைப் போட்டு உயிர் துறந்தார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டது. மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தைத் தேடுவது அன்று விளையாட்டாக இருக்கவில்லை.

போர் முடிந்ததும் உபரியாகிப்போன கருவிகள் மலிவு விலைக்கு வந்தன. டிரான்சிஸ்டர் வந்தபின் எடை குறைந்தது. 1960-களிலும் 70-களிலும் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கடற்கரைகளிலும் வயல்களிலும் கோலுடன் நடக்கும் கூட்டம் பெருகியது. தேடுவதற்கென்று மன்றங்கள்கூடத் தோன்றின.

தொலைந்த நகையைத் தேடும் முறை பொறுமை சார்ந்தது. முதலில், கடைசியாக நகை எப்போது உடலில் இருந்தது, எந்த வழியாக நடந்தீர்கள் என்று தொலைத்தவரிடம் கேட்க வேண்டும். பிறகு அந்த இடத்தைக் கயிறு கட்டிப் பட்டை பட்டையாகப் பிரிக்க வேண்டும். தட்டைத் தரையோடு ஒட்டினாற்போல் சமமாக வீச வேண்டும். ஒரு வீச்சு அடுத்த வீச்சின்மேல் சிறிது படிய வேண்டும். உங்கள் கை மோதிரத்தையும் இரும்புக் காப்பையும் முதலிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். தொலைந்ததைப் போன்ற ஒரு மோதிரத்தை மண்ணில் புதைத்து, அது எப்படி ஒலிக்கிறது என்று கேட்டுப் பழகுவதும் நல்லது. சாதாரணக் கருவிக்கு மோதிரம் எட்டும் ஆழம் ஒரு சாண் அளவே. அதிர்ஷ்டவசமாக, அண்மையில் தொலைந்தவை அதைவிட ஆழத்துக்குப் போவதும் அரிது.

எல்லா நகையும் ஒன்றுபோல் அகப்படாது. மெட்டி வெள்ளி, மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். மோதிரமோ முழு வளையம். சுழல் மின்னோட்டம் தடையின்றிச் சுற்றிவர ஏற்றது. எனவே இவை இரண்டும் உரக்க ஒலிக்கும். மெல்லிய சங்கிலியின் கதை வேறு. அதன் எடை மோதிரத்தைவிடக் கூடுதலாக இருந்தாலும், மின்னோட்டம் ஒவ்வொரு சிறு கண்ணிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது; ஒலி மங்கிவிடும். சங்கிலி கிடைப்பது பெரும்பாலும் அதில் கோத்த தாலியாலோ பதக்கத்தாலோதான். மூக்குத்தியும் தோட்டின் திருகும் பல கருவிகளுக்கு எட்டவே எட்டா.

செம்பரம்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. தொழிற்சாலைகள் நெருங்கிய நிலம் இது. போல்ட்டு, நட்டு, வெல்டிங் குச்சியின் நுனி, சோடா மூடி, மாத்திரை அட்டையின் அலுமினியத் தாள் எல்லாம் மண்ணில் கலந்து கிடக்கின்றன. அலுமினியத் துண்டு ஒன்றும் சிறு தங்க மோதிரமும் கருவிக்கு ஏறக்குறைய ஒரே குரல். ஒரு மோதிரத்துக்காக ஐம்பது மூடிகளைத் தோண்ட வேண்டியிருக்கும். தோண்டியதையெல்லாம் மறுபடி மண்ணில் போடாமல் அள்ளி வந்தால் ஊருக்காவது பயன்.

இதுவரை சொன்னது, சொந்தக்காரர் உயிரோடு இருக்கும் நகையைப் பற்றி. கருவியோ நேற்று விழுந்ததையும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் விழுந்ததையும் ஒரே மாதிரிதான் கூவும்.

1992 நவம்பரில் இங்கிலாந்தின் ஹாக்ஸன் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். எரிக் லாஸ் என்ற நண்பர் கருவியோடு அதைத் தேடப் போனார். கிடைத்தது ரோமானியர் காலத்துப் புதையல்: சுமார் 15,000 நாணயங்கள், தங்க வளையல்கள், உடலில் குறுக்காக அணியும் தங்கச் சங்கிலி. சிலவற்றை எடுத்ததுமே அவர் தோண்டுவதை நிறுத்திவிட்டு அதிகாரிகளுக்குச் சொல்லியனுப்பினார். தொல்லியலாளர்கள் வந்து எஞ்சியதை முறைப்படி அகழ்ந்தனர். அதனால்தான் அவை ஒரு மரப்பெட்டியில் வைக்கோலும் துணியும் வைத்து அடுக்கப்பட்டிருந்தன என்பதும் தெரியவந்தது. மரமும் வைக்கோலும் கருவியில் ஒலிப்பதில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். அவருக்கும் உழவருக்கும் சேர்த்து 17.5 லட்சம் பவுன் வெகுமதி கிடைத்தது. சுத்தியலும் அகப்பட்டது, அதுவும் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதற்கு நேர்மாறான கதையும் அதே நாட்டில் நடந்தது. சர்ரே மாவட்டத்து வான்பரோவில் பழைய ரோமானியக் கோயில் ஒன்று மண்ணுக்குள் இருந்தது. 1980-களின் நடுவில் அந்த இடம் வெளியே தெரிந்துவிட, இரவில் கருவியோடு வந்தவர்கள் குழி குழியாகத் தோண்டி ஆயிரக்கணக்கான நாணயங்களை அள்ளிச் சென்று விற்றார்கள். அன்றிருந்த சட்டத்தின் ஓட்டைகள் அப்போதுதான் வெளிப்பட்டன. 1996-இல் இங்கிலாந்து புதிய புதையல் சட்டம் இயற்றியது.

நம் வட்டாரத்துக்கு வருவோம். காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஒரகடத்துக்கு அருகே வடக்குப்பட்டு என்னும் ஊரில் 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியது. பழங்காலக் கற்கருவிகள், செங்கற் கட்டுமானம், கண்ணாடி மணிகள், ரோமானிய மதுச் சாடியின் ஓடுகள் வெளிவந்தன. சிறு பொன் அணிகளும் கிடைத்தன. இப்போது எண்ணிப் பாருங்கள். கருவியோடு ஒருவர் அங்கே முன்னதாகப் போயிருந்தால் பொன் ஒலித்திருக்கும். அவர் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டிருப்பார். கல் ஒலிக்காது, செங்கல் ஒலிக்காது, மணி ஒலிக்காது, சாடி ஓடும் ஒலிக்காது. பொன் எந்த மண்ணடுக்கில், எந்த ஓட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அதன் காலத்தைச் சொல்லும். அதை விட்டுப் பெயர்த்த பொன், நகைக்கடைத் தராசில் வைக்கும் வெறும் எடை.

சட்டம் என்ன சொல்கிறது? அண்மையில் தொலைந்த பொருளைக் கண்டெடுத்தவர் உரியவரைத் தேட முயலாமல் தனக்கென்று வைத்துக்கொண்டால் அது குற்றம். மண்ணில் மறைந்து கிடந்த புதையலுக்கு 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் உண்டு. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அரசு எடுத்துக்கொண்டால், பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரவும் அச்சட்டத்தில் வழி இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் உரிமமின்றித் தோண்டுவதை 1958-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

சட்டம் இருந்தும் மனம் எளிதில் ஒப்புவதில்லை. 2020 டிசம்பரில் உத்திரமேரூர்க் குழம்பேஸ்வரர் கோயிலில் திருப்பணிக்காகக் கருவறைப் படிக்கட்டை எடுத்தபோது, அடியில் அரைக் கிலோவுக்கு மேற்பட்ட தங்கம் இருந்தது. அது கோயிலுக்கே சொந்தம், தரமாட்டோம் என்று ஊரார் நின்றார்கள். நீண்ட பேச்சுக்குப் பின்னரே அது அரசுக் கருவூலத்துக்குப் போயிற்று. ஊராரின் கவலையை நான் குறை சொல்லமாட்டேன். முன்னோர் வைத்தது ஊரை விட்டுப் போகிறதே என்ற வருத்தம் நியாயமானதுதான்.

ஆனால் யாரிடமும் சொல்லாமல் போனது என்ன ஆகும் என்பதற்குப் பத்தூர் நடராசர் இருக்கிறார். 1976-இல் பழைய தஞ்சை மாவட்டத்தின் பத்தூரில் மண் வெட்டிய கூலித் தொழிலாளி ஒருவர் கையில் அச்சிலை கிடைத்தது. கை மாறிக் கை மாறி லண்டனுக்குப் போய் விலையாயிற்று. அதை மீட்க இந்தியா லண்டன் நீதிமன்றத்தில் வழக்காடியது. கோயிலின் சிவலிங்கமே வழக்குத் தொடுத்தோரில் ஒருவராக நின்றார். அந்தச் சிலை பத்தூரிலிருந்துதான் வந்தது என்று எப்படிக் காட்டுவது? அதே இடத்தில் பின்னர்க் கிடைத்த வேறு செம்புப் படிமங்களோடு அது ஒப்பிடப்பட்டது. உலோகத்தைப் பற்றி மட்டும் விசாரிக்கவில்லை. சிலையில் ஒட்டியிருந்த மண்ணையும் கறையான் புற்றின் தடங்களையும் அறிஞர்கள் ஆராய்ந்து சாட்சி சொன்னார்கள். 1988-இல் தீர்ப்பு இந்தியாவுக்குச் சாதகமாயிற்று. 1991-இல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது. அந்த ஆண்டே நடராசர் தமிழகம் திரும்பினார்.

ஆகவே, தொலைந்த மெட்டியைத் தேடப்போன உங்கள் கருவி ஒலித்து, தோண்டிய இடத்தில் மெட்டிக்குப் பதில் ஒரு பானையின் விளிம்போ பழைய செங்கல் வரிசையோ தென்பட்டால், கையை எடுத்துவிடுங்கள். மண்ணைக் கழுவாதீர்கள், சுரண்டாதீர்கள். இடத்துக்கு அடையாளம் வைத்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ அன்றே தெரிவியுங்கள்.