துண்டுச் சீட்டும் பிரிவின் பாட்டும்

இலங்கையின் மலையகத் தோட்டங்களில் வழங்கிய காதற் பாடல்களை, மடக்கும்புரை ஈன்ற கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை வாய்மொழியிலிருந்து திரட்டித் தந்திராவிடில், அவற்றுட் பல பாடிய நாவோடே மறைந்திருக்கும். மனம் மாறிய காதலனை நொந்து பெண்ணொருத்தி பாடும் பாட்டை, ஒருவனுடைய வஞ்சகமென்று மாத்திரம் பொருள்கொள்வது முழுமையாகாது. ஏனெனில், தொழிலாளரைத் திரட்டி மேற்பார்த்த பெரிய கங்காணியின் கடன் கணக்கைத் ‘துண்டு’ என்னும் சீட்டில் எழுதி, அக்கடனைத் தீர்க்கும் வேறு தோட்டத்துக்கு அவன்கீழுள்ள ஆட்களை மொத்தமாய் அனுப்பி, நேசித்தோரைப் பிரிக்கக்கூடிய வழக்கம், 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை நிலவிற்று. பின்னர் 1964 இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமோ, இந்திய வம்சாவளியினருள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப விதித்து, தொழிலாளர் குடியிருந்த லயங்களிற் பிறந்த நேசங்களைக் கடலாற் பிரித்தது. ஆகையால், அப்பாடல்களில் ஒலிக்கும் ஏக்கத்துக்குக் காதலனோடு கங்காணியும் இரு அரசாங்கங்களும் பொறுப்பாளிகள் என்பதே என் துணிபு.